ரூட் கெனால்: ஒரு ஃபார்வர்டு மெசேஜுக்கு என் பதில்



போன மாதம் எனக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதினேன். பதில்கள் குவிந்துவிட்டன. "ஐயோ டீச்சர், பிடுங்கிப் போட்டிருக்கலாமே" என்றவர்கள் பாதிப் பேர். "வலி உயிர் போயிருக்குமே அத்தை" என்றவர்கள் மீதிப் பேர். நடுவில் என் நாத்தனார் மகன் நீளமான ஃபார்வர்டு மெசேஜ் ஒன்றைப் போட்டான். ரூட் கெனால் செய்த பல் செத்த பல்லாம். செத்த உறுப்பை உடம்பில் வைத்துக்கொண்டால் அதிலிருந்து விஷம் கசிந்து இதயம், மூட்டு, கடைசியில் புற்றுநோய் வரை போகுமாம். அதனால் பிடுங்குவதுதான் புத்திசாலித்தனமாம்.

அங்கேயே பதில் எழுதச் சோம்பல். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேர் பல் வலியை மாத்திரை போட்டே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் எடுத்தவள் நான். பல் டாக்டர் இல்லை. ஆனாலும் தேடிப் படிக்கத் தெரியும். படித்தபோது தெரிந்தது, அந்த மெசேஜ் புதுச் சரக்கே இல்லை. அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது! ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே அதை நம்பி லட்சக்கணக்கான பற்களைப் பிடுங்கினார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நீளமாக இருக்கும். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம். பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், அதற்கும் உள்ளே பற்கூழ் என்று படம் வரைந்து பாகம் குறித்தது ஞாபகம் இருக்கும். அந்தக் கூழில்தான் நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. அவை வேரின் நுனியில் உள்ள மிகச் சின்னத் துளை வழியாகத் தாடை எலும்பிலிருந்து உள்ளே வருகின்றன. கூழ் இருக்கும் அந்தக் குறுகிய வழிக்குத்தான் கால்வாய் என்று பெயர். (கெனால் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பக்கிங்ஹாம் கால்வாய்தான் நினைவுக்கு வரும். பாழாய்ப்போன பல்லின் உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த ஒப்புமை அப்படியொன்றும் தப்பில்லை.)

பல் வலி ஏன் அவ்வளவு கொடுமையாக இருக்கிறது? கையில் அடிபட்டால் வீங்கும். வீங்க இடம் இருக்கிறது. பற்கூழ் புண்பட்டாலும் வீங்கத்தான் பார்க்கும். ஆனால் சுற்றிலும் கல் மாதிரிச் சுவர். அதனால் உள்ளேயே அழுத்தம் ஏறி நரம்பு நசுங்குகிறது. ரத்த ஓட்டமும் தடைபட்டு, கொஞ்ச நாளில் கூழ் செத்துப்போகிறது. அன்றைக்கு வலி நின்றுவிடும். நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், "வலி தானாகவே போயிடுச்சு, டாக்டர்கிட்ட போகவே இல்லை" என்று! போனது வலியில்லை, நரம்பு. உள்ளே செத்த கூழைத் தின்று கிருமிகள் பெருகி, வேர் நுனித் துளை வழியாக வெளியேறி, எலும்பைக் கரைத்துச் சீழ்க்கட்டி ஆக்கும். ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து ஒரு நாள் காலையில் கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கும். முழுதாக வளர்ந்த பல் நிற்பதற்குக் கூழ் தேவையில்லை. வேரைத் தாடை எலும்போடு கட்டிவைத்திருப்பது சுற்றியுள்ள மெல்லிய நார்த் திசு. அது உயிரோடு இருக்கும், அதற்கு ரத்த ஓட்டமும் தனி. அதனால் உள்ளே இருக்கும் அழுகலை எடுத்துச் சுத்தம் செய்து, கிருமி திரும்ப நுழையாதபடி அடைத்துவிட்டால் பல் அதே இடத்தில் இருந்து வேலை செய்யும். ரூட் கெனால் என்பது இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ஆயிரக்கணக்கான வருடம் ஆனது.

பல்லைத் துளைப்பது என்னவோ மிகப் பழைய வேலை. இன்றைய பாகிஸ்தானில் பலுசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கர் என்ற இடத்தில், ஏழாயிரத்து ஐந்நூறிலிருந்து ஒன்பதாயிரம் வருடம் பழைய கல்லறைகளில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2006இல் அறிவித்தார்கள். மணிகளுக்குத் துளை போடும் கற்கருவியாலேயே இதைச் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. சிந்துவெளி நகரங்களுக்கும் வெகு காலம் முந்தைய சமாச்சாரம். யோசித்தாலே பல் கூசுகிறது.

ஆனால் சொத்தைக்குக் காரணம் என்ன என்பதில் உலகம் முழுக்க ஒரே பதில்தான்: பூச்சி. பாபிலோனியர்களின் களிமண் ஏட்டிலும் பல்லைத் தின்னும் புழுவுக்கு எதிரான மந்திரம் இருக்கிறது. சுசுருதர் நூலில் இந்த நோய்க்குக் கிருமிதந்தம் என்று பெயர். நாமும் இன்றுவரை பூச்சிப் பல் என்றுதானே சொல்கிறோம்? என் சின்ன வயதில் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு வாய் கொப்பளித்தால் தட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ விழும். "பாரு, பூச்சி!" என்பார்கள். ஐரோப்பாவிலும் குரோசாணி ஓமம் என்கிற செடியின் விதையை வைத்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருக்கும் முளைக்கரு சுருண்டு வெளியே வரும். பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். ஏமாற்றியவர்களில் பாதிப் பேர் தாங்களே அதை உண்மை என்று நம்பித்தான் செய்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த சுமார் 2,200 வருடம் பழைய போர்வீரன் ஒருவனின் மண்டையோட்டில், ஒரு பல்லின் வேர்க்கால்வாய்க்குள் வெண்கலக் கம்பி செருகியிருந்தது. இரண்டரை மில்லிமீட்டர் நீளம். புழு உள்ளே போகாமல் அடைப்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். காரணம் தப்பு, வைத்தியம் கிட்டத்தட்டச் சரி! அறிவியல் வரலாற்றில் இப்படி நிறைய உண்டு.

1728இல் பாரிஸில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் ஒரு பெரிய நூல் எழுதினார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், புழு எதுவும் இல்லை என்று துணிந்து எழுதியவர் அவர். பல்லைத் துளைத்துச் சீழை வெளியேற்றி, ஊசியால் உள்ளே சுத்தம் செய்யும் முறையையும் சொன்னார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

அடுத்த நூறு வருடத்துக்குப் பிறகு வேலை சூடு பிடிக்கிறது. 1836இல் அமெரிக்காவில் ஸ்பூனர் என்பவர் நரம்பைச் சாகடிக்க ஆர்சனிக் வைக்கலாம் என்றார். ஆமாம், பாஷாணம்தான். மரத்துப்போகும் ஊசி இல்லாத காலம், வேறு வழி? கொஞ்சம் கசிந்தால் ஈறும் எலும்பும் சேர்ந்தே வெந்துபோகும். 1838இல் எட்வர்ட் மேனார்ட் என்ற பல் வைத்தியர் கைக்கடிகாரமே வராத அந்தக் காலத்தில் பாக்கெட் கடிகாரத்தின் சுருள்வில்லை எடுத்துத் தேய்த்து, கால்வாய்க்குள் நுழைகிற மெல்லிய கருவி செய்தார். இதே மேனார்ட் துப்பாக்கி செய்வதிலும் கெட்டிக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் பெயரிலேயே ஒரு துப்பாக்கி பயன்பட்டது.

சரி, உள்ளே சுத்தம் செய்தாயிற்று. எதை வைத்து அடைப்பது? தங்கம், ஈயம், பஞ்சு, மரத்துண்டு என்று எதையெல்லாமோ வைத்துப் பார்த்தார்கள். விடை கிடைத்தது மலாயாக் காடுகளில். அங்கே ஒரு மரத்தின் பால் உறைந்தால் கட்டியாகும். வெந்நீரில் போட்டால் களிமண் மாதிரி இளகும், ஆறினால் இறுகும். மலாய் மொழியில் கெத்தா பெர்ச்சா. பல் டாக்டர்கள் சொல்லும் கட்டாபெர்ச்சா இதுதான். 1843இல் சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் டாக்டர் இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். இந்த மரம் நம் இலுப்பை, சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. சப்போட்டா காம்பைக் கிள்ளினால் பால் வருமே, அந்த வம்சம். ரப்பரும் இதுவும் ஒரே மூலக்கூறுகளால் ஆனவைதான். அவை கோர்க்கப்பட்டிருக்கும் விதம் மட்டும் வேறு. அதனால்தான் அது இழுபடுகிறது, இது இறுகுகிறது.

இந்தப் பொருளுக்கு அன்றைக்கு வந்த பெரிய கிராக்கி பல்லுக்காக இல்லை, தந்திக்காக. கடலுக்கு அடியில் போடும் தந்திக் கம்பிக்கு மின்சாரம் கசியாத உறை வேண்டும். கட்டாபெர்ச்சா உப்புத் தண்ணீரில் கெடாது. நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1870-71இல் கடலடித் தந்திக் கம்பி போட்டார்களே, அந்தக் காலக் கம்பிகளுக்கெல்லாம் உறை இதுதான். பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காடாக அழிந்தது. 1847இல் லண்டனில் எட்வின் ட்ரூமன் என்ற பல் வைத்தியர் இதைப் பல் அடைக்கப் பயன்படுத்தினார். 1867இல் பௌமன் என்ற அமெரிக்கர் இதைக் குச்சியாக உருட்டி வேர்க்கால்வாயை அடைத்தார். தந்தியே ஒழிந்துவிட்டது. தந்திச் சேவையை 2013இல் மூடியதும் நாம் பார்த்ததுதான். ஆனால் அந்தக் கம்பியின் உறை இன்றைக்கும் என் கடைவாய்க்குள் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் ஊசி மாதிரி ஒரு குச்சி. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் அசல் கட்டாபெர்ச்சா, பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1864இல் நியூயார்க்கில் பார்னம் என்பவர், வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்தார். எச்சில் உள்ளே போகாது, கருவி தொண்டைக்குள் விழாது. எனக்கும் அதைத்தான் மாட்டினார்கள். மரத்துப்போகும் மருந்தாக 1884இல் கோகெய்ன் வந்தது. பிறகு அதன் கெடுதல் இல்லாத மருந்துகள் வந்தன. இன்றைக்கு நமக்குப் போடும் லிக்னோகெய்னை ஸ்வீடனில் 1943இல் லோஃப்கிரன் என்பவர் உருவாக்கினார். "உயிர் போகும் வலி" என்கிறீர்களே, அது இதற்கு முந்திய காலத்தின் ஞாபகம். எனக்கு ஊசி குத்தியபோது சுருக்கென்றது. மற்றபடி ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடைதான் வலித்தது.

எக்ஸ்ரே பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ராண்ட்ஜன் 1895 நவம்பரில் அந்தக் கதிரைக் கண்டார். இரண்டே மாதத்தில் ஜெர்மனியில் வால்காஃப் என்ற பல் வைத்தியர் தன் பற்களையே படம் பிடித்தார். இருபத்தைந்து நிமிடம் அசையாமல் கிடந்தாராம். 1899இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ், கால்வாய்க்குள் கம்பியை விட்டு எக்ஸ்ரே எடுத்து வேர் எவ்வளவு நீளம் என்று அளந்தார். அதுவரை எல்லாம் குருட்டாம்போக்கு. ஆனால் கதிர் கையைச் சுடும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. கெல்ஸ் வருடக்கணக்கில் தன் விரலால் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டிருந்தவர். முதலில் விரல்கள், பிறகு கை என்று வெட்டி வெட்டி எடுத்தார்கள். வலி தாங்காமல் 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இன்றைக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது டாக்டர் அறைக்கு வெளியே போய் நிற்பதைக் கேலி செய்யாதீர்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நாத்தனார் மகனின் மெசேஜுக்கு வருகிறேன்.

1910ஆம் வருடம். லண்டன் டாக்டர் வில்லியம் ஹண்டர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய வேர்களை அப்படியே விட்டு அதன் மேல் தங்க கேப்பும் பாலமும் கட்டுகிறார்களே, உள்ளே சீழ் தேங்கி நோயாளிகள் ரத்தசோகை, மூட்டுவலி என்று வாடுகிறார்களே என்று கடுமையாகச் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கால வேலை பலதும் அப்படித்தான் இருந்தது. கிருமி பல்லுக்குள் போகிறது என்பதை பெர்லினில் வேலை செய்த மில்லர் 1890களிலேயே காட்டியிருந்தார். ஆனால் ஹண்டர் திட்டியது மோசமான வேலையை. கேட்டவர்கள் புரிந்துகொண்டதோ, செத்த பல் எல்லாமே விஷம் என்று.

அதோடு தீ பற்றிக்கொண்டது. உடம்பின் ஒரு மூலையில் கிருமி ஒளிந்துகொண்டு எல்லா நோயையும் உண்டாக்குகிறது என்ற கொள்கை அமெரிக்காவில் ஃபேஷன் ஆனது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. கண் மங்குகிறதா, பல்லைப் பிடுங்கு. கிளீவ்லாந்தில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் டாக்டர், நோயாளிகளிடமிருந்து பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார். முயல்களுக்கு நோய் வந்தது. பார்த்தீர்களா என்று 1923இல் பெரிய நூலாகவே போட்டார். கிருமி மண்டிய எதையும் ஒரு சின்ன உயிரின் உடம்பில் தைத்தால் அதற்கு நோய் வரத்தானே செய்யும்? ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான ஏற்பாடும் இல்லை. எட்டாம் வகுப்பில் நாம் கட்டுப்பாட்டுச் சோதனை என்று படித்தோமே, இரண்டு தொட்டியில் செடி வைத்து ஒன்றை மட்டும் இருட்டில் வைப்போமே, அது அங்கே இல்லை.

எல்லாவற்றையும் விடக் கொடுமை நியூஜெர்சியில் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் நடந்தது. அதன் தலைவர் ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் பல்லில் உள்ள கிருமி என்று நம்பினார். நோயாளிகளின் பற்களையெல்லாம் பிடுங்கினார். குணமாகவில்லை என்றால் டான்சில், பிறகு பெருங்குடல் என்று வெட்டிக்கொண்டே போனார். பலர் செத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அந்த நோயாளிகளுக்கு வாய் ஏது? காட்டன் போலி ஆசாமி இல்லை. தன் சொந்த மகன்களின் பற்களையும் பிடுங்கவைத்தவர் அவர். நம்பிச் செய்தார் என்பதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு மேல் இந்தக் காற்று அடித்தது. பல்லைக் காப்பாற்றும் வேலையைக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கவே தயங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிதானம் வந்தது. ஒரு காலத்தில் இந்தக் கொள்கையை ஆதரித்த ரஸ்ஸல் சீசில் என்ற டாக்டரே, ஆஞ்செவைன் என்பவரோடு சேர்ந்து 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பிடுங்கியதால் பலன் இல்லை என்று 1938இல் எழுதினார். 1940இல் ஃபிலடெல்ஃபியாவில் லூயிஸ் கிராஸ்மன் வேர்க்கால்வாய் சிகிச்சைக்கென்றே பாடநூல் எழுதினார். 1943இல் சிகாகோவில் சிலர் கூடி இதற்கெனச் சங்கம் அமைத்தார்கள். 1963இல் அமெரிக்காவில் இது தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 1965இல் நடந்த எலிச் சோதனை. ககேஹாஷி என்பவரும் இரண்டு சகாக்களும் இரண்டு வகை எலிகளை எடுத்தார்கள். ஒன்று சாதாரண எலிகள். மற்றது கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகள். இரண்டின் பல்லிலும் கூழ் தெரியும்வரை துளை போட்டு அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளின் கூழ் அழுகிச் செத்தது. கிருமி இல்லாத எலிகளுக்கோ, சாப்பாடு உள்ளே சிக்கிக்கிடந்தபோதும், துளையின் மேல் புது டென்டின் வளர்ந்து ஆறிவிட்டது. ஆக, கெடுப்பது துளையும் இல்லை, உணவும் இல்லை. கிருமிதான். கிருமியை வெளியேற்றி வழியை அடைத்தால் போதும். இதுதான் கட்டுப்பாட்டுச் சோதனை!

அப்படியும் பழைய பயம் சாகவில்லை. 2018இல் அதையே புதுச் சட்டை போட்டு ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். மருத்துவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததும் 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. ஃபார்வர்டுகள் மட்டும் நிற்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாயில் உள்ள கிருமி உடம்பைப் பாதிக்கவே பாதிக்காது என்று யாரும் சொல்லவில்லை. செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது அதனால்தான். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று ஆற நாளாகும். நாற்காலியில் உட்கார்ந்ததும் இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வெட்டுபட்டு வேர் இரண்டாகப் பிளந்த பல் என்றால் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் அது வேறு, செத்த பல் விஷம் என்பது வேறு.

நம் நாட்டுக்கு வருவோம். முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவில் அயோவாவில் படித்துவிட்டு வந்தவர். ஐஸ்கிரீம், சோடா விற்கும் கடை ஒன்றை நடத்தி அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார் என்பார்கள். ஐஸ்கிரீம் விற்றுப் பல் ஆஸ்பத்திரி! ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் பெற்றவர்கள் பதிவேட்டின் ஒரு பகுதியில், பட்டம் இல்லாமல் ஐந்து வருடமாவது தொழில் செய்தவர்கள் மறு பகுதியில் என்று பிரித்தார்கள். சென்னையில் நாம் பார்த்த சீனப் பல் வைத்தியர்கள் நினைவிருக்கிறதா? ஹூபே மாகாணத்திலிருந்து வந்து இங்கேயே நிலைத்த குடும்பங்கள். ஈவினிங் பஜார் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட் வைத்த போர்டை என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பல் வைத்தியம் என்றாலே பிடுங்குவதும் பல்செட் கட்டுவதும்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்தது 1953இல்தான். அதுதான் பிறகு தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆனது. என் பாட்டி தலைமுறையில் ஐம்பது வயதில் பொக்கைவாய் சாதாரணம். அவர்களுக்குப் பல்லைக் காப்பாற்றலாம் என்று சொல்ல ஆள் இல்லை. இன்றைக்குக் கிராஸ்மன் எழுதிய அதே பாடநூலைப் புதுப்பித்து வெளியிடும் பதிப்பாசிரியர்களே இந்தியர்கள்.

ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி எஸ்டேட் பக்கம் லேத் பட்டறைகளில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு விஷயம். பல் டாக்டரின் தட்டில் இருப்பதும் உங்கள் ரீமரும் ஃபைலும்தான், பெயர் கூட மாறவில்லை. எங்கள் காலத்தில் கருவிகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு வைத்திருந்தது. 1958இல் இங்கிள் என்பவரும் லெவைன் என்பவரும் அளவைத் தரப்படுத்தச் சொன்னார்கள். இப்போது 25ஆம் நம்பர் ஃபைல் என்றால் நுனி விட்டம் 0.25 மில்லிமீட்டர். மேலே போகப் போக ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.02 பருக்கும். வெட்டும் பகுதி 16 மில்லிமீட்டர். அப்படியானால் மேல் முனையில் விட்டம் என்ன? கணக்குப் போட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள் பார்க்கலாம். பிடியின் நிறமும் அளவைச் சொல்லும். 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு.

நேர்த் துளை என்றால் எஃகு ஃபைலே போதும். வேர் வளைந்திருக்குமே! எஃகு நிமிரப் பார்த்துச் சுவரை வெட்டிப் படி போட்டுவிடும். ஸூரிக் நகரில் ஹெஸ் என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பிறகு பல்லைக் கரைத்து, உள்ளே உள்ள அமைப்பை அப்படியே எடுத்துக் காட்டினார். கால்வாய் என்று பெயர், பார்த்தால் தஞ்சாவூர் டெல்டா. 1988இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் என்ற மூவர் நிக்கல் டைட்டானியக் கம்பியில் ஃபைல் செய்து பார்த்தார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த உலோகம் அது. வளைத்தால் வளையும், விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். இப்போது மோட்டாரில் சுழலும் ஃபைல்கள் எல்லாம் அதில்தான்.

அந்த நுண்ணிய கிளைகளுக்குள் ஃபைல் போகாது, திரவம் போகும். ஊற்றிக் கழுவுவது, முதல் உலகப் போரில் சிப்பாய்களின் புண்ணைக் கழுவ டேக்கின் என்பவர் பயன்படுத்திய ஹைப்போகுளோரைட். நம் பிளீச்சிங் பவுடர் வாசனை நாற்காலியில் அடிப்பது அதனால்தான். இரண்டாவது தடவைக்கு வரச் சொல்லி நடுவில் உள்ளே வைக்கும் மருந்து கால்சியம் ஹைட்ராக்ஸைடு. 1920இல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்தது. வேதியியல்படி அது நம் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு! தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டில் கிராம்பு எண்ணெய்ச் சத்து. (அதற்காக யாரும் வீட்டில் சுண்ணாம்பை எடுத்துப் பல்லில் அப்பாதீர்கள். வாய் வெந்துவிடும்.)

கடைசியாக, காசு. பிடுங்கினால் மலிவு என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு நாளைக்கு மலிவுதான். இடம் காலியானால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், பிறகு பாலமோ இம்ப்ளாண்டோ கட்டச் செலவு. ரூட் கெனால் செய்தவர்கள் கேப் போடாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. வலி போய்விட்டதே என்று. சொத்தையிலும் துளைத்ததிலும் பாதி இழந்த கடைவாய்ப் பல் அது. முறுக்கு கடித்தால் பிளந்துவிடும், பிறகு செய்ததெல்லாம் வீண்.

தனியாரில் கட்டுப்படியாகாது என்று தயங்கும் நம் ஆட்களுக்கு: அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. கிண்டியில் பீச் ரயில் ஏறினால் நேராகக் கோட்டையில் இறங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், சர்க்கரை உள்ளவர்கள் கடைசி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.